எல்லாம் உவராலைதான்

யாழ்ப்பாணம் என்றதும் ஆட்களுக்குப் பனைமரமும் கோயில் கோபுரமும் புகையிலைத் தோட்டமும் ஞாபகம் வரும். வரட்டும். நான் வளர்ந்த இடத்தில் காலையில் எழும்பியதும் மூக்கில் ஏறுவது அமோனியா. அதற்குப் பின்னால் டீசல். காற்றுத் திரும்பினால் கருவாடு. பருத்தித்துறைக்குப் பக்கத்தில், கடலுக்கும் பெரிய வீதிக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடந்த ஒழுங்கைகள், ஒடுங்கிய சந்துகள், அவை. ஒரு பக்கம் ஐஸ் கொம்பனி. மறுபக்கம் ஃபைபர் படகு செய்கிற பட்டறை. அதற்கடுத்துப் படகு மிசின் திருத்துகிற மூன்று கொட்டில்கள், கடைசியில் கருவாட்டு வாடிகள். இவை எடுத்தது போக மிஞ்சிய நிலத்தில் நாங்கள் நாற்பது குடும்பம் இருந்தோம். அந்த இடத்துக்கு முறையான பெயர் ஒன்று உண்டு, கடிதங்களில் அதைத்தான் எழுதுவார்கள். வாயால் கேட்டால் அது ஐஸ் கொம்பனியடி. மற்றவர்களுக்கு ஆலடி, கோயிலடி என்று இருக்க, எங்களுக்குக் கொம்பனியடி.

படகுப் பட்டறைக்கு அருகில் இருந்த பிள்ளைகள் எந்த நேரமும் உடம்பைச் சொறிந்துகொண்டு இருப்பார்கள். ஃபைபர் தூள் சட்டைக்குள் போனால் மூன்று நாளைக்குப் போகாது. எங்கள் வீடு கொம்பனி மதிலோடு ஒட்டி இருந்தது. அதனால் எங்களுக்குச் சொறி இல்லை, சத்தம்தான். மிசின் ஓடும்போது குசினியில் அடுக்கியிருக்கும் பீங்கான்கள் மெல்லக் கிணுகிணுக்கும். அது நின்றால்தான் நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். மதில் எப்போதும் குளிர்ந்திருக்கும். மத்தியான வெயிலில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் வந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வீட்டு மதில் என்பதால் நல்ல இடத்தை நான் யாருக்கும் விட்டதில்லை. சின்ன வயதிலேயே எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

பெருமைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் அப்பாதான் கொம்பனியின் மிசின்காரர். ஐஸ் கட்டிகளைத் தூக்குகிறவர்கள், அரைக்கிறவர்கள், லொறிக்கு ஏற்றுகிறவர்கள் என்று இருபது பேர் வேலை செய்தார்கள். ஆனால் மிசினைத் தொடுகிற உரிமை அப்பாவுக்கு மட்டும்தான். அமோனியா கசிந்தால் மற்றவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட, அவர் ஈரத்துவாயை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போவார். தண்ணீர்ப் பம்பின் சுவிச்சும் அவர் கையில்தான் இருந்தது. அந்தச் சுவிச்சைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

எங்கள் நாற்பது குடும்பத்துக்கும் ஒரு கிணறு. கடற்கரையிலிருந்து நடந்து வந்தால் ஐந்து நிமிடம்கூட இல்லை, ஆனாலும் அது நல்ல தண்ணி. எங்கள் பக்கத்தில் தண்ணீரை இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: ஒன்று நல்ல தண்ணி, மற்றது உப்புத் தண்ணி. ஒழுங்கைக்குள் யார் வீட்டில் கிணறு தோண்டினாலும் உப்புத்தான் வந்தது. இந்த ஒன்றில் மட்டும் எப்படியோ நல்ல தண்ணி ஊறியது. அப்பா எனக்கு அதை ஒருமுறை விளங்கப்படுத்தினார். நிலத்துக்குக் கீழேயும் கடல் இருக்கிறதாம். அதன் மேல் மழைத்தண்ணீர் மெல்லிய படலமாக, கலக்காமல் கிடக்கிறதாம். அளவாக அள்ளினால் மேல் தண்ணீர் வரும். அடித்து இறைத்தால் கீழே கிடக்கிற கடல் எழும்பி வந்துவிடும். ஏழாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில் இது வந்தபோது ரீச்சருக்கு முதலே எனக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

ஐஸ் கொம்பனிக்கு மதிலுக்குள்ளே சொந்தக் குழாய்க்கிணறு ஒன்று இருந்தது. காலையில் இரண்டு மணித்தியாலம்தான் பம்ப் போடலாம் என்று அரசாங்கக் கந்தோரில் அனுமதி கொடுத்திருந்தார்கள். முதலில் அப்படித்தான் ஓடியது. சண்டை ஓய்ந்து, ஆட்கள் திரும்பி வந்து, படகுகள் பெருகியபோது ஐஸ் போதவில்லை. முதலாளி இன்னும் கொஞ்ச நேரம் போடச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஓடத் தொடங்குகிற பம்ப், நான் திரும்பி வந்து சாப்பிட்டு எழும்பும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

கிணறு ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. முதலில் சவுக்காரம் நுரைப்பது குறைந்தது. பிறகு பருப்பு அவிய நேரம் எடுத்தது. பால்மா கரைத்தால் திரிதிரியாக மிதந்தது. தலை முழுகினால் மயிர் ஒட்டிப் பிசுபிசுத்தது. அம்மா சமையலில் உப்புப் போடுவதைக் குறைத்தா. பிறகு சோற்றுக்கு உப்பே போடுவதில்லை. தேத்தண்ணியில் எவ்வளவு சீனி போட்டாலும் அடியில் ஒரு கரிப்பு நின்றது. அம்மா வீட்டிலிருந்து கிழிந்த மீன்வலை பொத்துகிற வேலை செய்தவ. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒருநாள் அப்பாவிடம் கேட்டா.

“இஞ்சேருங்கோ, உந்தப் பம்பை ஏன் இவ்வளவு நேரம் ஓட விடுறியள்?”

“முதலாளி சொல்லுறார்.”

“முதலாளி வீட்டிலை வேறை கிணறு. எங்களுக்கு உது ஒண்டுதானே.”

“நான் போடாட்டி வேறை ஒராளைக் கொண்டந்து போடுவார். பேந்து நீயும் பிள்ளையும் என்ன செய்யிறது?”

அம்மா நூலை அறுத்து, வலையின் அடுத்த கிழிசலைப் பொத்தத் தொடங்கினா. பம்பை நிறுத்தினால் வேலை போகும், நிறுத்தாவிட்டால் கிணறு போகும். வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும். யாரும் திரும்ப அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒழுங்கையில் பேச்சு எடுக்காமல் இருக்கவில்லை. முதலில் மாறியது ஆட்கள் அப்பாவைச் சுட்டுகிற விதம். அதுவரை இளையவர்களுக்கு அவர் ‘மிசின் அண்ணை’. மூத்தவர்களுக்குத் ‘தம்பி’. இப்போது அவர் ‘உவர்’ ஆனார்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். மற்றத் தமிழர்களுக்கு இவர், அவர் என்று இரண்டு பேர் போதும். எங்களுக்கு நடுவில் உவர் என்று மூன்றாவது ஆளும் தேவைப்படுகிறார். கேட்பவருக்குக் கிட்ட நிற்பவர் உவர். சற்று முன் பேச்சில் அடிபட்டவரும் உவர். சொல்லில் மரியாதை இருக்கும், சொல்லுகிறவர் மனதில் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஒரு பெண் நாடியால் ஒரு பக்கம் காட்டி, “உவரைத் தெரியாதே எங்களுக்கு” என்று கேள்வியாக இழுத்தால், அந்த மனிதருக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்பாவை அப்படி அதிகமாகச் சொன்னவ கருவாட்டு மாமி. உறவுமுறையில் எங்களுக்கு மாமி அல்ல, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். புருசன் கடலுக்குப் போய் இடுப்பு முறிந்து படுத்த பிறகு, தனியாளாக வாடி போட்டு மீன் காய வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவ. மீன் கழுவ நல்ல தண்ணி வேண்டும். எங்களைவிட அவவுக்குத்தான் கிணறு அதிகம் தேவைப்பட்டது. கந்தோருக்கு மனு எழுதுவித்து, ஒழுங்கை முழுக்கத் திரிந்து கையெழுத்து வாங்கியதும் அவதான். எங்கள் வீட்டு வாசல் படலைக்கு மட்டும் வரவில்லை. அம்மா அன்றைக்குப் படலைக்குப் பக்கத்தில்தான் நின்று கூட்டிக்கொண்டிருந்தா. கூட்டி முடித்த இடத்தையே மறுபடியும் கூட்டினா.

மனுவுக்குப் பலன் இருந்தது. சில மாதம் கழித்துக் கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். மலைநாட்டுப் பக்கத்து ஆள், எங்கள் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். மெலிந்த, மரியாதையான மனிதர். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. ஒரு படிவக் கட்டும் நாலைந்து சின்னப் போத்தல்களும் கொண்டு வந்திருந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான் கிணற்றடியில் நின்றேன். பம்ப் காலையிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. அந்த அமைதியில் கடல் இரைவது கிணற்றடி வரைக்கும் கேட்டது, எங்களுக்கே புதுமையாக இருந்தது.

முதலாளி அப்பாவைத்தான் உத்தியோகத்தரோடு அனுப்பியிருந்தார். கொம்பனிப் படலையில் தன் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டும் இருந்தார். அப்பா அன்றைக்குக் கழுவிய சேட்டுப் போட்டு, கிணற்றுக்கட்டுக்கு அருகில் உத்தியோகத்தருக்குப் பக்கத்தில் நின்றார். பெண்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். அம்மா வரவில்லை.

உத்தியோகத்தர் முதலில் அப்பாவைத்தான் கேட்டார். “ஒங்க பம்ப் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுதுங்க?”

“ரெண்டு மணித்தியாலம்,” என்றார் அப்பா.

பெண்கள் பக்கத்தில் ஒரு மூச்சு எழும்பி அடங்கியது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது நன்றாக வரவில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

உத்தியோகத்தர் வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்து, உடனே துப்பினார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். “இந்தத் தண்ணி கெட்டுப்போனதுக்கு என்ன காரணம்னு நீங்க நெனைக்கிறீங்க?”

கருவாட்டு மாமி முன்னுக்கு வந்தா. இந்தக் கேள்விக்காகத்தானே அவ இவ்வளவு நாளும் திரிந்தவ. அவவுக்கு நீட்டி முழக்கிக் கதைக்க வராது. நாடியை அப்பா பக்கம் ஒருமுறை வெட்டிக் காட்டி, “என்ன காரணமோ? உவர்தான் காரணம்,” என்றா.

உத்தியோகத்தர் படிவத்தில் குனிந்திருந்தார். நாடி வெட்டினதைக் காணவில்லை. “உவர்தான்,” என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். “வேற ஏதும் காரணம் இருக்குங்களா?”

“வேறை என்ன? எல்லாம் உவராலைதான்.”

“சரிங்கம்மா. வாயில வச்சாலே தெரியுது.”

மாமிக்கு அந்தக் கடைசி வசனம் முழுதாக விளங்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒரு உத்தியோகத்தர் தன் சொல்லைக் கேட்டு எழுதியிருக்கிறார், அதுவும் மறுபேச்சு இல்லாமல். அவ திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது.

நான் உத்தியோகத்தரின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றேன். வகுப்பில் வாசிப்பில் முதலாம் ஆள் நான்தான். கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘உவர்’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இயற்கை’ என்றும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு கணம் எனக்குச் சிரிப்பு வந்தது. மறுகணமே விளங்கிவிட்டது. உவர் என்றால் உப்புக் கரிப்பு. உவர் நிலம், உவர் நீர் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். எங்கள் வாயில் அந்தச் சொல் அப்படி வராது. உப்புத் தண்ணி என்போம், சவர் என்போம். எங்களுக்கு உவர் என்றால் ஆள்தான். அந்த மனிதருக்கு ஊரில் இவரும் அவரும் மட்டும்தான் இருந்திருப்பார்கள், உவரை அவர் அறியார். கேட்டதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்தான் எழுதினார். அவரில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

நிமிர்ந்தபோது அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படிவத்தைப் பார்த்திருந்தார், நான் பார்த்ததையும் பார்த்திருந்தார். ‘ஐயா, அவ உப்பைச் சொல்லேல்லை, என்னைச் சொல்லுறா’ என்று ஒரு வசனம் அவர் சொல்லியிருக்கலாம். ‘அங்கிள், உவர் எண்டா உப்பில்லை’ என்று நானும் சொல்லியிருக்கலாம். ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் தேவைப்பட்டிராது. உத்தியோகத்தர் போத்தல்களுக்கு மூடி இறுக்கி, படிவக் கட்டை மூடி, எல்லோருக்கும் நன்றி சொன்னார். அப்பா அவரை வீதிவரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு வந்து மதிலில் சாய்ந்துகொண்டு நின்றேன். பம்ப் மறுபடி ஓடத் தொடங்கியது. எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது. அப்பாவின் வேலை போகாது என்ற சந்தோசம். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு அதுதான் இருந்தது.

ஒழுங்கை நம்பிக்கையோடு காத்திருந்தது. கொம்பனிக்குப் பூட்டு விழும் என்றார்கள் சிலர். பம்பைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்றார்கள் சிலர். மாமி அப்பாவை நேரில் கண்டால் முகத்தைத் திருப்பாமல், இரக்கப்பட்டவபோல ஒரு பார்வை பார்ப்பா. தன் சொல்லால் ஒரு குடும்பத்தின் சோறு போகப்போகிறதே என்று அவவுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்திருக்க வேண்டும். பம்ப் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

கடிதம் வந்தது. மனுவில் முதல் கையெழுத்து மாமியுடையது என்பதால் அவவின் பெயருக்கே வந்தது. அவவுக்கு எழுத்து அவ்வளவாகப் பிடிபடாது. கிணற்றடியில் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தால் வந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டா. “பிள்ளை, நீ நல்லா வாசிப்பியே. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசி.”

வாசித்தேன். இயற்கையான உவர் காரணமாகக் கிணற்று நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல, மாற்று ஒழுங்காகக் கிழமையில் நான்கு நாள் பவுசர் லொறியில் நீர் வழங்கப்படும் என்று இருந்தது. கொம்பனியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“என்னண்டு? திருப்பி வாசி,” என்றா மாமி.

திருப்பி வாசித்தேன். “உவர் இயற்கையோ?” என்று யாரோ ஒரு இளம் பெண் சிரித்தா. ஒன்றிரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பு நின்றது. மாமி சிரிக்கவே இல்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அவவுக்குப் பிடிபடாத அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“அண்டைக்கு நீ அந்த எழுதினவருக்குப் பக்கத்திலைதானே நிண்டனி?”

புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு மாமி என்னோடு கதைக்கவில்லை. வையவும் இல்லை. கண்ட இடத்தில் காணாதவபோலப் போவா. வைதிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

நான் இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து இருக்கிறேன். ஒரு கந்தோரில் வேலை. ஆட்கள் வந்து சொல்லுவதைப் படிவத்தில் எழுதுவதுதான் என் தொழில் என்றால் நம்புவீர்களோ தெரியாது. ஒவ்வொருவரிடமும் இரண்டு தரம் கேட்கிறேன் என்று மேசையில் எனக்குக் கெட்ட பெயர். ஆடி அசைந்து வேலை செய்கிறவள் என்கிறார்கள். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். அப்பா வேலையை விட்டுக் கன காலம். அமோனியாவில் நெஞ்சு பழுதாகி, கதிரையில் இருந்தபடியேதான் அதிக நேரமும். போன கிழமை ரேடியோவில் தண்ணீரைப் பற்றி என்னவோ சொன்னார்கள். அவர் அதைக் குறைத்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னார்.

“அந்தாள் எழுதினதை நீ வாசிச்சனி, என்ன?”

“ஓம்.”

“எனக்குத் தெரியும். உன்ரை முகத்திலை தெரிஞ்சது.” கொஞ்ச நேரம் இருமினார். “நான் ரெண்டு மணித்தியாலம் எண்டு சொன்ன பொய், அது முதலாளிக்காகச் சொன்னது. மற்றது, வாயைத் திறக்காமல் நிண்டது, அது என்ரை சொந்தப் பொய். அதைவிட உன்னையும் அதுக்குள்ளை இழுத்து விட்டிட்டன்.”

அவரை மன்னிப்பதற்கு நான் யார். தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன். ஆனால் அப்பாவுக்கு ஒரு விசயம் தெரியாது. அவர் நினைக்கிறார், நான் செய்தது அவர் செய்ததன் ஒரு பங்கு மட்டும்தான் என்று. அதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. அது முழுக்க முழுக்க என்னுடையது.

கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் கொம்பனிக் குழாய்க்கிணறும் உப்பாகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும். உப்பு ஏறிய ஐஸ் கெதியாகக் கரைகிறது என்று படகுக்காரர் சத்தம் போட, முதலாளி கடலுக்குத் தள்ளி உள்ளுக்கு இருந்த ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து லொறியில் தண்ணீர் எடுப்பித்துத் தாங்கியில் நிரப்பினார். பம்ப் நின்றுவிட்டது, எங்கள் கிணறு திரும்பவில்லை. அந்தத் தாங்கியிலிருந்து மதிலில் ஒரு ஓட்டை போட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பைப் இழுத்துக் கொடுத்தார். ஏன் என்று முதலாளி சொல்லவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. ஒழுங்கையில் யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அம்மா அந்தப் பைப்பைத் திறக்கவில்லை. அப்பாவோடு சண்டை பிடிக்கவில்லை. அவரைப் பற்றி வெளியில் ஒரு சொல் விட்டதில்லை, யாரும் விட அனுமதித்ததும் இல்லை. பவுசர் வருகிற நாளில் இரண்டு தண்ணீர்க் கான்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் போய் நிற்பா. வீட்டில் பைப் இருக்க வரிசைக்கு வந்து நடிக்கிறா என்று சொன்னவர்களும் உண்டு. அம்மா அதையும் கேட்டுக்கொண்டு நின்றா. அப்பா வேலையால் வந்து அம்மா கொண்டுவந்த பவுசர்த் தண்ணீரைத்தான் குடித்தார். ஒருநாள்கூடப் பைப் பக்கம் போகவில்லை.

நான் போனேன். பவுசர்த் தண்ணீரில் தாங்கியின் இரும்புக் கறள் மணக்கும், வீட்டில் அளவாகத்தான் குடிக்கலாம். பள்ளிக்கூடத்தால் வந்ததும் அம்மா முன்பக்கம் வலையோடு இருக்கிற நேரம் பார்த்து, பின்பக்கம் போய்ப் பைப்புக்குக் கீழே குந்தி, சத்தம் வராமல் மெல்லத் திறந்து வாயை வைத்துக் குடிப்பேன். தோட்டத்துத் தண்ணி. குளிராக இருக்கும். தண்ணீருக்கு ஒரு இனிப்பு இருக்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குக் குடிப்பதில்லை என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் குடித்தேன்.

ஒரு நாள் நிமிர்ந்தபோது அம்மா குசினி வாசலில் நின்றா. என் வாயிலிருந்து தண்ணி வடிந்துகொண்டிருந்தது. அடி விழும் என்று கண்ணை மூடினேன். அம்மா பக்கத்தில் வந்து குந்தினா.

“எப்பிடி இருக்கு?”

“நல்ல தண்ணி,” என்றேன்.

அம்மா பைப்பைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு வாய் பிடித்துக் குடித்தா. உடனே விழுங்கவில்லை. வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினா. கண் கலங்கியது. “ஓம், நல்ல தண்ணிதான்,” என்று சொல்லி, பைப்பை இறுக்கப் பூட்டினா. பிறகு எழும்பி, சின்னக் கானை என் கையில் தந்தா. “நட. பவுசர் வாற நேரமாச்சு. இனி நீயும் வா.”

வரிசை நீளமாக இருந்தது. பவுசர் அன்றைக்குப் பிந்திவிட்டது. தகரக் கூரைகள் சுட்டெரித்தன. பெண்கள் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு முன்னால் கருவாட்டு மாமி நின்றா. அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் அவ்வளவு கிட்ட அவவைக் கண்டதில்லை. ஒரு போத்தலில் அரைவாசித் தண்ணி வைத்திருந்தா. முந்தின பவுசரில் மிச்சம் பிடித்ததாக இருக்க வேண்டும். மூடியைத் திறந்து தான் குடிக்கப் போனவ, திரும்பி என்னைப் பார்த்தா. வெயிலில் என் முகம் சிவந்துபோயிருந்திருக்கும்.

“பிள்ளைக்கு விடாய்க்குது போலை,” என்று அம்மாவிடம் சொல்லி, போத்தலை என்னிடம் நீட்டினா. “குடி மோனை. எனக்குப் பரவாயில்லை.”

என் வயிறு நிறைய நல்ல தண்ணி இருந்தது. நடக்கும்போது அது உள்ளே குலுங்கியதுகூட எனக்குத் தெரிந்தது. வேண்டாம், விடாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பாவோ என்று பயமாக இருந்தது. அம்மா வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றா.

நான் போத்தலை வாங்கி, கடைசித் துளி வரைக்கும் குடித்தேன்.